இடப்பக்கம் ஒலி அதிகம்

அக்டோபர் 4, சனி

இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தவள் என் மகள் இலக்கியா. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் நன்றியுரை என்று ஒன்று எழுத வேண்டும். ஏழு வருடத்தில் யார் யார் எனக்கு என்னென்ன செய்தார்கள் என்பது பாதி மறந்துவிட்டது. "இனியாவது தெனமும் எழுதி வெய்யிம்மா. கடைசில ஒக்காந்து தலையச் சொறியாத" என்றாள். பதினாறு வயதுக்குப் புத்தி கொஞ்சம் அதிகம்தான்.

ஆகவே தொடக்கத்திலிருந்து. பெயர் பூங்கோதை, வயது நாற்பத்து மூன்று, கோவையில் ஒரு கல்லூரியில் செவித்திறன் துறை ஆசிரியை. இருபது வருடமாக ஊரார் காதைச் சோதிப்பதே தொழில். ஆய்வுத் தலைப்பை நீட்டி முழக்காமல் சொன்னால் இதுதான்: பேருந்து நிலைய இரைச்சலுக்கு நடுவே ஒருவர் பேசும் தமிழ் வாக்கியம் கேட்பவருக்கு எவ்வளவு புரிகிறது? நாற்பது பேரைக் கேட்க வைத்து, அவர்கள் விடைகளை நவம்பர் 28-க்குள் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வேண்டும். இரண்டு முறை தவணை நீட்டித்து வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது. சேர்க்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருடமும் ஆற்றோடு போகும்.

இன்று காலை வாட்ச்மேன் அண்ணன் ஃபோன் செய்தார். எங்கள் ஒலி புகா அறைக்குள் மழைநீர் புகுந்துவிட்டது. சத்தம் புகாத அறைக்குள் தண்ணீர் மட்டும் எப்படிப் புகுந்ததோ. சுவர்ப் பஞ்செல்லாம் ஊறிப் பூஞ்சை பிடித்திருக்கிறது. சரிசெய்ய மூன்று மாதமாகுமாம்.

அழுதுகொண்டே கைடு தில்லைநாயகி மேடத்திடம் போனேன். மேடம் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. "அறை இல்லீன்னா என்ன? அவங்கவங்க வீட்லயே ஒக்காந்து ஹெட்போன்ல கேக்கட்டும். ஆன்லைன்ல வைங்க. இப்ப ஒலகமே அப்படித்தான பண்ணுது?"

நன்றி: தில்லை மேடம். வாட்ச்மேன் அண்ணன் (பெயர் கேட்டு எழுத வேண்டும், இருபது வருடமாக அண்ணன்தான்).

அக்டோபர் 6, திங்கள்

கேட்கும் சோதனையை இணையத்தில் நடத்த இத்தனை தளங்களா! பெண் பார்க்கப் போன மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடன் பார்ப்பவள் பர்வீன், எங்கள் கல்லூரியில் கணினிப் பாடம் எடுப்பவள். தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்ட கையோடு வந்துவிட்டாள்.

முதல் தளத்துக்கு 'கல்யாண மண்டபம்' என்று பெயர் வைத்தோம். எல்லா வசதியும் இருக்கிறது, வாடகை டாலரில். ஆள்கூட அவர்களே பிடித்துத் தருவார்களாம், ஆனால் தமிழ் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆள் அவர்களிடம் மொத்தமே ஒன்பது பேர். இரண்டாவது 'ரேஷன் கடை'. இலவசக் கேள்வித்தாள். ஒலியை வைக்கலாம், ஆனால் எத்தனை முறை திருப்பிக் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்று எதுவும் தெரியாது. மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது, ஃபோனில் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கொம்பு தனியாகக் கால் தனியாக நின்றது. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் ஃபோனில்தான் கேட்பார்கள்.

அலாரம் இன்றும் அடிக்கவில்லை. அடித்தது, ரொம்ப நேரம் அடித்தது என்கிறாள் இலக்கியா. ஃபோனை மாற்ற வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

நான்காவது தளத்தை எடுத்துக்கொண்டோம். பெயர் 'நீயே சமைத்துக்கொள்'. அடுப்பும் பாத்திரமும் இலவசம், சமையல் நம்முடையது. நிரல் எழுத வேண்டும், எழுதியதைக் கல்லூரியின் சர்வரில் ஏற்ற வேண்டும். பர்வீன் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஒலி தாமதமில்லாமல் வருகிறது, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது, சாதாரண ஃபோனிலும் ஓடுகிறது. கேட்பவர் பெயர் வெளியே போகாது. பெயருக்குப் பதிலாக ஆளுக்கொரு குறியீடு, பக்கத்தின் கடைசியில் கருத்துச் சொல்ல ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

நன்றி: பர்வீன். அவள் கொண்டுவந்த நோன்புக் கஞ்சியைப் போன வருடம் நன்றி சொல்லாமல் குடித்திருக்கிறேன். அதற்கும் சேர்த்து.

அக்டோபர் 13, திங்கள்

காந்திபுரம் பேருந்து நிலையத்தில் இடம் வலமாக இரண்டு மைக் வைத்துப் பதிந்த இரைச்சலை இன்று வாக்கியங்களோடு சேர்த்தேன். அந்த மைக்குகளில் ஒன்று கூட வாங்கும், ஒன்று குறைவாக வாங்கும். இரண்டு பக்கத்தையும் சமன் செய்யும் கருவி பூட்டிய அறைக்குள் இருக்கிறது. அதனால் காதால் கேட்டே சமன் செய்தேன். இடது பக்கம் ரொம்பவும் குறைவாக இருந்தது, நன்றாக ஏற்றினேன்.

பர்வீன் திரையைப் பார்த்து, "அக்கா, நம்பரப் பாத்தா லெஃப்ட் எச்சா இருக்கே?" என்றாள். "நம்பரா கேக்கப் போகுது? இது இருபது வருசம் பழகுன காதும்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

நூற்றிருபது வாக்கியம் பதிந்ததில் அறுபதுதான் வேண்டும் என்கிறார் மேடம். மீதி அறுபதும் வீண். தொண்டை கட்டிப் பேசிக் கொடுத்த நாடகக் கலைஞர் கலைமதிக்கு நன்றியோடு மன்னிப்பும்.

அக்டோபர் 15, புதன்

வீட்டில் கேட்பவர் உண்மையிலேயே ஹெட்போன் போட்டிருக்கிறாரா, ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுப் போட்டேன் என்கிறாரா என்று எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே இரைச்சலைக் கொடுப்பார்கள், ஒரு சிறு இழையில் மட்டும் வித்தியாசம் வைப்பார்கள். இரண்டு காதில் விழுந்ததையும் மூளை ஒப்பிடும்போது, இரைச்சலுக்கு உள்ளிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கும். ஸ்பீக்கரில் கேட்டால் அது காணாமல் போய்விடும். மூன்று இரைச்சல் வரும், எதில் ரீங்காரம் என்று சொல்ல வேண்டும். ஆறு சுற்று. ஐந்து சுற்றாவது சரியாக இருந்தால் உள்ளே விடுவோம்.

தவறினால் வரும் வாசகத்தை நானே எழுதினேன்: "நீங்கள் ஹெட்போன் அணியவில்லை. எனவே ஆய்விலிருந்து நீக்கப்படுகிறீர்கள். நன்றி." சுருக்கமாக, கறாராக, நன்றியும் சேர்த்து.

முதல் ஆளாக நானே உட்கார்ந்தேன். ஆறுக்கு இரண்டு. என்னைப் பார்த்தே 'நீங்கள் ஹெட்போன் அணியவில்லை' என்கிறது! தலையில் கிரீடம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது ஹெட்போன். பர்வீனின் நிரலில் எங்கோ பிழை.

அக்டோபர் 16, வியாழன்

பர்வீன் போட்டால் ஆறுக்கு ஆறு. இலக்கியா ஆறுக்கு ஆறு. இவர் (என் கணவர் சண்முகசுந்தரம்) மோட்டார் பம்ப் கம்பெனியில் இருபத்தைந்து வருடம் இரும்புச் சத்தத்தில் நின்றவர். காதில் பஞ்சு வையுங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். அவருக்குக்கூட ஆறுக்கு ஐந்து.

எனக்கு ஆறுக்கு ஒன்று. ஹெட்போன்தான் கோளாறு. இலக்கியாவுடையதை வாங்கிப் போட்டேன். ஆறுக்கு இரண்டு. அதுவும் கோளாறு.

அக்டோபர் 17, வெள்ளி

புது ஹெட்போன். புது லேப்டாப்பும்கூட, பர்வீனிடம் இரவல். மொத்தம் பதினோரு முறை, ஒன்றிலும் தேறவில்லை. இந்தச் சோதனை என்மேல் ஏதோ வஞ்சம் வைத்திருக்கிறது.

நேரமில்லை. சோதனையைத் தாண்டி நேரே உள்ளே போக எனக்கு மட்டும் ஒரு குறுக்குவழி வைக்கச் சொன்னேன். 'ஆய்வாளர் வழி' என்று பொத்தான் போட்டுக் கொடுத்தாள். சமைக்கிறவள் பந்தியில் உட்கார்ந்தா உப்புப் பார்க்க வேண்டும்?

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அதிரசம் பிரிந்துபோயிற்று, லட்டு பரவாயில்லை. இலக்கியா "அம்மா" என்று கூப்பிட்டாள். அடுக்களை, கூடம், வாசல், பின்கட்டு என்று வீடு முழுக்கத் தேடினேன். பக்கத்திலேயே பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். ஊரெங்கும் வெடிச்சத்தம், குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்?

சாப்பிடும்போது இவருடன் இடம் மாற்றிக்கொண்டேன். ஃபேன் சத்தத்தில் அவர் பேசுவது அந்த நாற்காலியில்தான் கேட்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

கேட்க ஆள் கிடைத்துவிட்டது. அதுவும் எப்பேர்ப்பட்ட ஆட்கள்! 'கொங்கு வானொலி நேயர் மன்றம்' என்று ஒரு வாட்ஸப் குழு. நூற்றுப் பத்து உறுப்பினர்கள், வானொலி கேட்டு நிலையத்துக்குக் கடிதம் எழுதுவதே பொழுதுபோக்கு. செயலாளர் அவிநாசி குப்புராஜ், தபால் துறையில் ஓய்வு பெற்றவர். அவரிடம் ஃபோனில் விளக்கினேன்.

"கேக்கோணும், கேட்டதச் சொல்லோணும், அவ்வளவுதானுங்களா மேடம்? அம்பது வருசமா நாங்க அதத்தானுங்க பண்ணிட்டிருக்கறோம். எங்களப் போயி இத்தன நாள் யாருமே கூப்புடலீங்களே!"

நன்றி: குப்புராஜ் அய்யா. ஃபோனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 29, புதன்

பதினான்கு பேர் முடித்துவிட்டார்கள். குறியீடு கேட்ட கட்டத்தில் முடித்தவர், சோதனையில் தவறியவர் ஒருவர்கூடக் குறியீட்டைப் போடவில்லை. வானொலிக்குக் கடிதம் எழுதும் பழக்கத்தில் ஊரோடு பெயரையும் போட்டிருக்கிறார்கள். 'பெருந்துறை கா. ரங்கசாமி.' 'சென்னிமலை ந. தெய்வானை மற்றும் குடும்பத்தார்.' குடும்பத்தாரை நான் எங்கே உட்கார வைக்க! பெயரே வேண்டாம் என்றுதான் தளம் தளமாக அலைந்தோம். பர்வீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். பெயர்களைத் தனியே பூட்டி வைத்துவிட்டு நாமே எண் கொடுத்துவிடலாம் என்று முடிவு.

கருத்துப் பெட்டி இன்னும் வேடிக்கை. ஒலிபரப்பு எப்படி இருந்தது என்று நிலையத்துக்கு அறிக்கை எழுதுவார்களே, அதே நடை. 'தங்கள் நிகழ்ச்சி தெளிவாகக் கிடைத்தது. இடப்பக்கம் ஒலி அதிகம். எனினும் நிகழ்ச்சி அருமை.' இலக்கியாவுக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மலிவு இயர்போனில் அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 3, திங்கள்

இருபத்தாறு. 'இடது புறம் சற்றுத் தூக்கல். வாசித்தவர் குரல் இனிமை.' கலைமதிக்கு அனுப்பி வைத்தேன், பாவம், சந்தோஷப்படட்டும்.

குக்கர் மூன்று விசில் விட்டதா ஐந்தா என்று சண்டை. சாதம் குழைந்தது. இவர் ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிக்கொண்டார்.

நவம்பர் 6, வியாழன்

முப்பத்தொன்று முடிந்தது. இன்னும் ஒன்பதே ஒன்பது. ஹெட்போன் சோதனையில் தவறியவர்கள் ஏழு பேர். அவர்களைச் சரியாக ஹெட்போன் போட வைத்துவிட்டால் இந்த வாரமே ஏறக்குறைய முடிந்துவிடும். பெயரைப் போட்டுத் தொலைத்தார்களே, அது இன்று உதவியது. குப்புராஜ் அய்யா அவர்களைக் கேட்டுவிட்டு ஃபோன் எண்களை அனுப்பினார்.

முதல் நான்கு பேரிடம் ஹெட்போனே இல்லை, ஸ்பீக்கரில் கேட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஐந்தாவது, சென்னிமலை தெய்வானையம்மா. கணவர் பெயரிலும் ஒரு முறை முயன்றிருக்கிறார், அதனால் அதுவே இரண்டு பேர் கணக்கு.

"ஏனுங் மேடம், நாங்க ஸ்பீக்கர்ல கேக்கவே இல்லீங்க. இயர்போன்லதானுங்க கேட்டோம்."

"அப்படீன்னா வந்திருக்கோணுமேங்க. எப்படி மாட்டுனீங்க?"

"ஒண்ண நான் மாட்டிக்கிட்டனுங்க. இன்னொண்ண எம்பட வூட்டுக்காரருக்குக் குடுத்தனுங்க. மன்றத்துல எதக் கேட்டாலும் நாங்க சோடியாத்தானுங்க கேப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பில் சொல்வதுபோல விளக்கினேன். "அம்மா, ஒரு காதுல மட்டும் கேட்டா அந்த ரீங்காரம் வரவே வராதுங்க. ஹெட்போன் எத்தன நல்லதா இருந்தாலும் சரி, எத்தன தடவ கேட்டாலும் சரி, அது கேக்காதுங்க. ரெண்டு காதும் சேந்து வேல செஞ்சாத்தான்…"

அதற்குமேல் நான் பேசவில்லை போலிருக்கிறது. "மேடம், லைன்ல இருக்கறீங்களா? மேடம்?" என்று அந்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஏழாமவரைக் கூப்பிடவில்லை. துணி மடித்தேன். இருந்த துணி எல்லாவற்றையும் மடித்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

ஃபோனை இடது காதில் வைத்துப் பார்த்தேன்.

நன்றி: இன்று யாருக்கும் இல்லை.

நவம்பர் 8, சனி

தில்லை மேடத்திடம் சொன்னேன். கையைப் பிடித்து, பக்கத்து மருத்துவமனையில் நோயாளிகளின் காதைச் சோதிக்கும் கண்ணாடிக் கூண்டுக்கு அழைத்துப் போனார். இரண்டு நோயாளிகளுக்கு இடையே இருபது நிமிடம் கிடைத்தது. எத்தனை ஆயிரம் பேரை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருப்பேன்! 'சின்னச் சத்தம் கேட்டாலும் பட்டனை அழுத்துங்கள்' என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்! நான் கடைசியாக உட்கார்ந்தது படிக்கிற காலத்தில், ஒருவருக்கொருவர் சோதித்துப் பழகியபோது. அன்றைக்கு இரண்டு காதும் பழுதில்லை. அதோடு சரி.

வலது காது முடிந்தது. இடது காது தொடங்கட்டும் என்று காத்திருந்தேன். நெடுநேரம் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடத்தின் கை அசைந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் புரிந்தது, எப்போதோ தொடங்கிவிட்டது.

"எவ்வளவுங்க மேடம்?"

"அம்பத்தஞ்சு."

ஐம்பத்தைந்து டெசிபல் இழப்பு. பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினால் அந்தக் காதில் பாதிகூட விழாது. மேடம் என் தலையைத் தடவிக் கொடுத்தார். இருபது வருடத்தில் முதல் முறை. "ஒரு பக்கம் மட்டும் போயிருக்கு. ஸ்கேன் எடுத்தே ஆகோணும், பூங்கோதை. தள்ளிப் போடாதீங்க."

எனக்கு ஸ்கேன் நினைவுக்கு வரவில்லை. "மேடம், ரெண்டு பக்கத்தையும் சமன் பண்ணுனது நான். இந்தக் காதாலதான் பண்ணுனேன்."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நவம்பர் 10, திங்கள்

அளக்கும் கருவியைப் பூஞ்சை அறையிலிருந்து எடுத்து வந்து பர்வீன் அளந்தாள். இடது பக்கம் பன்னிரண்டு டெசிபல் அதிகம். ஒரு பக்கத்து இரைச்சல் மட்டும் ஓங்கி நின்றால் வாக்கியம் புரிவதே மாறிவிடும். முப்பத்தொரு பேரின் விடையும் குப்பைக்கு. மீதி பதினெட்டு நாள்.

கருத்துப் பெட்டியை முதலிலிருந்து படித்தேன். முப்பத்தொரு பேரில் இருபத்திரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இடப்பக்கம் ஒலி அதிகம். இடது புறம் தூக்கல். இடது காதில் இரைச்சல் மிகுதி, தயவு செய்து கவனிக்கவும். எத்தனை மரியாதையாக, எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! நான் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நன்றி: பர்வீனுக்கு. "நான் அன்னிக்கே சொன்னேன்ல அக்கா" என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வீண் என்று நினைத்த அறுபது வாக்கியம் இருக்கிறதே! கேட்டவர்களுக்கே மறுபடி கொடுத்தாலும் அவை புதியவைதான். ஒலியைக் கருவி வைத்துச் சமன் செய்தாயிற்று. மேடம் இரண்டு முறை சரிபார்த்தார். மீதி, அந்த ஆட்களிடம் எந்த முகத்தோடு கேட்பது என்பதுதான்.

குப்புராஜ் அய்யாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. என் காதையும் சொன்னேன்.

"மேடம், ஒலிபரப்புல கோளாறு வந்துச்சுன்னா மறு ஒலிபரப்பு வெக்கறது வழக்கந்தானுங்களே? நேயருங்க அதுக்குக் கோவிச்சுக்குவாங்களா? நாங்க எழுதுனது சரின்னு ஆச்சுல்லங்க, எங்களுக்கு அதுவே போதுமுங்க. எத்தன பேரு எழுதுனாங்கன்னீங்க?"

"இருபத்திரண்டு பேருங்கய்யா."

"மீதி ஒம்போது பேரு யாருங்க? அவங்கள நான் ஒரு வார்த்த கேக்கோணும்."

அழுகையோடு சிரித்தேன். இப்படிப்பட்ட மனிதர்களுக்கு எந்தப் பக்கத்தில், எந்த எழுத்தில் நன்றி எழுதுவது?

நவம்பர் 13, வியாழன்

விட்டுவைத்த ஏழாமவரைக் கூப்பிட்டேன். பல்லடம் து. மயில்சாமி, விசைத்தறி ஓட்டுகிறவர். முதலில் பேசவே பிடிக்கவில்லை அவருக்கு.

"நான் ஹெட்போன் போட்டுத்தானுங்க கேட்டேன். எம்மவனோடது, பெருசு. நீங்க போடலீன்னு எழுதிப் போட்டீங்க. தறிச் சத்தத்துல எனக்கு ஒரு காது மந்தமுங்க, அது எனக்கே தெரியும். கேக்கலீன்னு சொல்லிருந்தா சரின்னுருப்பேன். பொய் சொல்றேன்னு சொல்லிப்போட்டீங்களேங்க, மன்றத்துல யார்கிட்டயும் சொல்லலீங்க நானு."

அந்த வாசகத்தை எழுதியது கணினி இல்லை, நான். மன்னிப்புக் கேட்டேன். எனக்கும் ஒரு காதுதான், என்னையும் அது பதினோரு முறை அப்படித்தான் சொன்னது என்றேன்.

அவர் குரல் இளகியது. "உங்களையுமா? பதினோரு தடவையா? நான் ரெண்டோட உட்டுட்டனுங்க."

மேடத்திடம் கேட்டேன். ஒரு காது மந்தமானவர்களின் விடைகளைத் தனிப் பிரிவாகச் சேர்க்கலாம் என்றார். மயில்சாமிதான் அதில் முதல் ஆள். ஆய்வாளர் வழியை அடைத்துவிடச் சொன்னேன்.

நவம்பர் 19, புதன்

ஸ்கேன். இவர் கம்பெனிக்கு விடுப்பு. காத்திருந்தபோது என் இடது பக்கம் உட்கார்ந்தவர், எழுந்து வலது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"நாந்தான் செவுடாவேன்னு இருவது வருசமா பயமுறுத்துனே" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அஞ்சாறு மாசமா படுக்கையில ஏதாச்சும் கேட்டா நீ பதில் சொல்றதில்ல. எம்மேல ஏதோ சலிப்புன்னு நெனச்சுட்டேன். அதான் நானும் பேசறதக் கொறச்சுக்கிட்டேன்" என்றார்.

கட்டிலில் அவர் எனக்கு இடது பக்கம். அஞ்சாறு மாதமாக ஒரு மனிதர் என் கேட்காத காதில் பேசிப் பார்த்துவிட்டு, எனக்கு அவரைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். காது போனதற்கு அழாதவள் அந்த வராந்தாவில் எல்லார் முன்பும் அழுதேன்.

கட்டிலில் பக்கம் மாறிக்கொண்டோம்.

நவம்பர் 22, சனி

கேட்கும் நரம்பின் மேல் சின்னக் கட்டி. ஏழு மில்லிமீட்டர். புற்று இல்லை, உயிருக்கு ஒன்றுமில்லை. இப்போதைக்குக் கத்தி வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். போன கேட்பு திரும்பாது, ஒரு கருவி மாட்டிக்கொண்டால் சமாளிக்கலாம். இதையெல்லாம் எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்! இனிக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

"இவ்வளவு சின்னதா இருக்கறப்பவே வர்றவங்க கம்மிங்க. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்றார் டாக்டர்.

"நான் ஹெட்போன் போடலீன்னு கம்ப்யூட்டர் சொல்லுச்சுங்க" என்றேன். அவர் இவரைப் பார்த்தார். இவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

நவம்பர் 24, திங்கள்

முப்பத்தெட்டு. தெய்வானையம்மாவும் அவர் கணவரும் புது இயர்போன் வாங்கி, தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாகப் பெயர் போட்டிருக்கிறார்கள். 'தனியாகக் கேட்பது அவ்வளவு சுகமில்லை' என்று கருத்துப் பெட்டியில் ஒரு வரி.

நவம்பர் 28, வெள்ளி

நாற்பத்து மூன்று பேர். அதற்கு மேல் ஒரு காதுக்காரர்கள் நான்கு பேர். பதினொன்றரைக்குச் சேர்த்துவிட்டோம். மேடம் காபி வாங்கிக் கொடுத்தார். ரசீதைப் பர்வீன் ஃபோட்டோ எடுத்து மன்றக் குழுவில் போட்டாள். வந்த வாழ்த்தையெல்லாம் படித்து முடிக்கவே பேருந்துப் பயணம் முழுக்க ஆயிற்று.

நவம்பர் 30, ஞாயிறு

நன்றியுரை எழுத உட்கார்ந்தேன். நோட்டு இருந்ததால் தலையைச் சொறியவில்லை. தில்லை மேடம், பர்வீன், கலைமதி, வாட்ச்மேன் ஆறுமுகம் அண்ணன் (கேட்டேவிட்டேன்), மன்றத்தார் அத்தனை பேரும். பெயர் சொல்லலாமா என்று கேட்டதற்கு, ஊரோடு சேர்த்துச் சொல்லுங்கள் என்று எல்லாரும் ஒரே குரலில் எழுதிவிட்டார்கள். கூடவே, கேட்காத பக்கம் பேசிக்கொண்டிருந்த இவருக்கு. அந்த வரியைத்தான் நான்கு முறை அடித்து எழுதினேன்.

தளத்தை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை நான் உட்கார்ந்தேன். குறுக்குவழி இல்லாமல், முன்வாசல் வழியாக. இலக்கியாவின் ஹெட்போன். மூன்று இரைச்சல், ஆறு சுற்று. மூன்றிலும் இரைச்சல்தான் கேட்டது. ஆறுக்கு இரண்டு.

போன வாரம் மாற்றி எழுதிய வாசகம் வந்தது: "இந்த ஒலி உங்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. ஹெட்போன் காரணமாக இருக்கலாம். இரண்டு காதிலும் மாட்டியிருந்தால், ஒரு காது சற்று மந்தமாக இருக்கலாம். நீங்கள் சொல்வதை நாங்கள் நம்புகிறோம். ஒரு முறை காதைக் காட்டிக்கொள்ளுங்கள். பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி."

பரவாயில்லை, மனிதர் எழுதிய மாதிரி இருந்தது. கீழே கருத்துப் பெட்டி காலியாக இருந்தது. நேயர்கள் எழுதும் முறைப்படியே எழுதி அனுப்பினேன்.

'தங்கள் நிகழ்ச்சி கிடைத்தது. இடப்பக்கம் ஒலி குறைவு. எனினும் நிகழ்ச்சி அருமை. இப்படிக்கு, கோவை சௌரிபாளையம் ச. பூங்கோதை மற்றும் குடும்பத்தார்.'